மடிக்காத எண்

ராக்குவைக் கொன்றது அவள் புருஷன் ராமர் இல்லை. தேவாரத்தில் அவளுடைய அண்ணன் வீட்டில் அவர்தான் கொன்றார் என்று பேசுகிறார்கள். போடி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில்கூட ஒருவன் என் காதுபடச் சொன்னான். கையிலிருந்த டீயை அவன் மூஞ்சியில் ஊற்றாமல் வந்தது என் பொறுமை. ராமர் அண்ணன் செய்ததெல்லாம் ஒரு பெட்டியைக் கிழக்குப் பார்த்து வைத்ததுதான். மற்றதை நான் செய்தேன். நான் என்றால் வித்யா, போடிநாயக்கனூரில் ஒரு ஏலக்காய்க் கடைக்கு மேலே மாடியறையில் உட்கார்ந்து மலைச்சரிவுப் பெட்டிகளுக்குப் புரோகிராம் எழுதுகிறவள்.

அந்த மனுஷனுக்கு இப்போது மிச்சமிருப்பது ஒரே மகள். பவதாரணி, ஒன்பது வயது. ராக்குவை எரித்த அன்றே தாய்மாமன் அந்தப் பிள்ளையைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார். தங்கச்சியைக் கொன்னவன்கிட்டப் புள்ளைய விடமாட்டேன் என்று சுடுகாட்டிலேயே சொன்னாராம். அந்தப் பிள்ளை திரும்ப அப்பனிடம் வந்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் நான் இத்தனையும் செய்தேன். செய்தது எப்படி முடிந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன், அதற்கு முன்னால் பெட்டியைச் சொல்ல வேண்டும்.

குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டங்களில் மழை பிடித்தால் மண் சரியும். சரிவில் ஒரு கம்பத்தை நட்டு அதில் பெட்டியை மாட்டிவிட்டால், கம்பம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பெட்டி பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் ரேடியோவில் சொல்லும். கீழே ஸ்டோரில், அதாவது ஏலக்காய் உலர்த்துகிற கட்டடத்தில், அதைக் கேட்கிற இன்னொரு கருவி இருக்கிறது. சாய்வு எந்தப் பக்கமானாலும் இரண்டு டிகிரியைத் தாண்டினால் ஸ்டோர் கூரையிலிருக்கும் சங்கு ஊதும். ஊதினால் எல்லோரும் போட்டது போட்டபடி ஜீப் ரோட்டுக்கு ஓட வேண்டும். நாலு நிமிஷ நடை.

கம்பெனி சிவக்குமார் அண்ணனுடையது. நாலே பேர் வேலை பார்க்கிறோம். அவருக்கு ஒரே கவலை பேட்டரி. ஐப்பசி கார்த்திகையில் அடைமழை பிடித்தால் மலையில் பத்து நாளைக்குச் சூரியன் தலைகாட்டாது, சோலார் தகடு சும்மா நனைந்துகொண்டிருக்கும். பெட்டி சும்மா இருக்கிறவரை பேட்டரி தாங்கும். பேசினால்தான் தீரும். எத்தனை பைட் பேசுகிறதோ அத்தனை செலவு.

"பேச்சக் கொறக்கணும் வித்யா" என்றார். நான் நிமிர்ந்து பார்த்ததும், "பொட்டியச் சொன்னேம்மா, ஒன்னையச் சொல்ற தைரியம் எனக்கு ஏது?" என்று சிரித்தார்.

எனக்கு இந்த மாதிரி வேலை அல்வா சாப்பிடுகிற மாதிரி. கருமித்தனத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை, அதிலும் பைட் விஷயத்தில். எண்களை அனுப்புவதில் ஓர் ஊதாரி வழி உண்டு. எந்த எண்ணாக இருந்தாலும் எட்டு பைட் ஒதுக்கிவிடுவது. பூஜ்யத்தை அனுப்பினாலும் எட்டு பைட். ஆளில்லாத பஸ்சு போடிக்கும் மதுரைக்கும் போய் வருகிற மாதிரி. கருமி வழியில், எண் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பைட்தான். ஒரு பைட்டில் எட்டு பிட். ஏழு பிட்டில் எண்ணின் ஒரு துண்டை வைத்து, எட்டாவதில் ஓர் அடையாளம் வைப்போம். ஒன்று என்றால் இன்னும் துண்டு வருகிறது, பூஜ்யம் என்றால் இத்தோடு முடிந்தது. இந்தக் கணக்கில் நூற்றிருபத்தேழு வரைக்கும் எந்த எண்ணும் ஒரே பைட்டில் அடங்கிவிடும். அதற்கு மேலே போனால் இரண்டு, மூன்று. முதல் பைட்டிலேயே மொத்தம் எத்தனை பைட் என்று சொல்லிவிடுகிற வேறொரு முறையும் இருக்கிறது. படிக்கிற கருவிக்கு அது வேகம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் வாயைத் திறக்கிற பெட்டிக்கு வேகம் எதற்கு என்று நான் முதல் முறையையே எடுத்துக்கொண்டேன். அதில் தப்பில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் எடுப்பேன்.

ஆனால் அந்த முறைக்கு ஒரு கோணல் புத்தி உண்டு. மைனஸ் எண். கம்ப்யூட்டருக்குள்ளே மைனஸ் ஒன்று என்பது சின்ன எண் இல்லை. அறுபத்து நாலு பிட்டும் நிரம்பிய ராட்சச எண்ணாகத்தான் அது உள்ளே கிடக்கும். ஏழேழாகத் துண்டு போட்டால் பத்து பைட் பிடிக்கும். இதற்கு வைத்தியமும் உண்டு, இந்தத் தொழிலில் இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எண்களை மடித்துவிடுவது. பூஜ்யத்துக்குப் பூஜ்யம், மைனஸ் ஒன்றுக்கு ஒன்று, பிளஸ் ஒன்றுக்கு இரண்டு, மைனஸ் இரண்டுக்கு மூன்று என்று இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றி அடுக்கினால், சின்ன மைனஸும் சின்ன எண்ணாகவே போய்ச் சேரும். ஒரே நஷ்டம், எண் இரட்டிப்பாகிவிடும். நூற்றிருபத்தேழு வரை ஒரு பைட்டில் போனது அறுபத்து மூன்று வரைதான் போகும்.

பெட்டி இரண்டு சாய்வை, டிகிரியில் பத்தில் ஒரு பங்கை ஒன்று என்று எண்ணிச் சொல்லும். ஒன்று பக்கவாட்டில், இன்னொன்று சரிவின் கீழ்ப்பக்கமாக. பக்கவாட்டில் இடமும் சாயும், வலமும் சாயும் என்பதால் அந்த எண்ணை மடித்தேன். கீழ்ப்பக்கச் சாய்வை மடிக்கவில்லை. மண் கீழேதானே வரும், மலையேறவா போகிறது? அந்த ஒரு பைட்டை மிச்சம் பிடித்ததில் எனக்கு அன்றைக்கு ஒரு பெருமை வேறு. சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்று சிவக்குமார் அண்ணன் முதுகில் தட்டினார்.

இன்னும் இரண்டு விதி வைத்தேன். அரை டிகிரிக்குக் குறைந்த அசைவு காற்று, குரங்கு, மாடு. அதைப் பூஜ்யம் என்றே அனுப்பு. எங்கள் பெட்டி பேசினால் எட்டு, மிஞ்சினால் ஒன்பது பைட்தான் வரும். அதனால் பதினாறுக்கு மேலே வந்தால் அது மின்னல் இரைச்சல், கீழே இருக்கிற கருவி அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். மேஜைமேல் வைத்துச் சோதித்தேன். முன்னால் சாய்த்தேன், இடம் வலம் சாய்த்தேன், சங்கு ஊதியது. பின்னால் சாய்த்துப் பார்க்கவில்லை. மண் மலையேறாதே!

பெட்டியின் மேல் அம்புக்குறி ஒட்டினோம். அம்பு சரிவின் கீழ்ப்பக்கம் பார்க்க வேண்டும். சித்திரை மாதம் அந்த எஸ்டேட்டில் எட்டு பெட்டிகள் நட்டார்கள். நட்டவர் ராமர் அண்ணன். அங்கே அவர்தான் கங்காணி. ராக்கு ஸ்டோரில் காய் தரம் பிரிக்கிற வேலை. ராமர் அண்ணன் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. ஒவ்வொரு கம்பத்துக்கும் சிமெண்டு போட்டு, பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, தேங்காய் உடைத்துத்தான் வைத்தார். புதிதாக வைக்கிற எதையும் கிழக்குப் பார்த்து வைப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அடுப்பு, மோட்டார், பீரோ, எதுவானாலும். ஏழு பெட்டிகளுக்கு அதில் சிக்கல் வரவில்லை, ஏனென்றால் அந்தச் சரிவுகளே கிழக்குப் பார்த்தவை. ஏழாம் நம்பர் பெட்டி மட்டும் ஓடைக்கு அந்தப் பக்கம், ஸ்டோருக்கு நேர் மேலே, மேற்குப் பார்த்த சரிவு.

அன்றைக்கு எனக்குப் போன் பண்ணினார். நான் ஒரு கல்யாணத்துக்காக மதுரை ரயிலில் போய்க்கொண்டிருந்தேன், உட்கார இடமில்லை, கையில் மொய்ப்பை, புடவை வேறு வழுக்கிக்கொண்டிருந்தது.

"அம்மா, ஏழாம் பொட்டிய மட்டும் கெழக்கப் பாத்து வச்சிரவா? கீழ்ப்பக்கமா வச்சா அம்பு மேக்கக் காட்டுது. மொதமொதல்ல வைக்கிறத மேக்கப் பாத்து வைக்க மனசு வரலம்மா."

"எந்தப் பக்கம்னாலும் பரவாயில்லண்ணே. நட்ட எடத்த அதுவே பூஜ்யமா எடுத்துக்கும். வெரசா முடிச்சிட்டு வேற சோலியப் பாருங்க."

பூஜ்யம் எடுத்துக்கொள்ளும் என்பது உண்மைதான். திருப்பி வைத்தால் குறி மாறிவிடும், கீழே சரிவது மைனஸாக வரும் என்பது என் மண்டையில் ஏறவில்லை. அம்பை ஒட்டியவளே நான்தான். ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். அந்த ஒரு நிமிஷம் எனக்கு அப்போது இல்லை, புடவை வழுக்கியது என்று சொன்னேனே!

அதற்குப் பிறகு ஆறு மாதம் ஏழாம் பெட்டி பூஜ்யம், பூஜ்யம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. எல்லாப் பெட்டியும் அப்படித்தான் சொல்லின.

ஐப்பசி கடைசியில் ஒரு வியாழக்கிழமை. நாலு நாளாக விடாத மழை. காலை பத்தரை மணிக்கு என் போனில் ஒரு செய்தி வந்தது, ஏழாம் பெட்டியிடமிருந்து ஒரு மணி நேரமாகப் பேச்சில்லை என்று. ஏரியல் நனைந்திருக்கும் என்று நினைத்தேன். ராமர் அண்ணனைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மழைக்குப் போனைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்திருந்தாராம். பதினோரு மணிக்கு அவரே கூப்பிட்டார்.

"ஏழாம் பொட்டியில லைட்டு எரியுதான்னு பாத்துச் சொல்றீங்களாண்ணே?"

"இப்பப் போறேம்மா" என்றார். அந்த மழையில், அந்தச் சகதியில், ஒரு வார்த்தை முனகாமல் ஏறினார்.

அதற்கு முன்னால் ஸ்டோரில் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். ராமர் அண்ணனே அதை எல்லோரிடமும் சொல்லிவிட்டார், மறைக்கத் தெரியாத மனுஷன். காலையில் ராக்கு அவரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறாள், "ஏங்க, பின்னாடிச் சுவத்தோரமா செந்தண்ணி வருது. ஜீப்பு ரோட்டுக்குப் போயிருவோமா?" என்று. இவர், "சங்கு ஊதலைல? ஊதுனாப் போவோம். பொட்டி எதுக்கு இருக்கு? பயப்படாமச் சோலியப் பாரு" என்றிருக்கிறார். அவளோடு மூக்கம்மாள் என்று இன்னொரு பெண்ணும் வேலையில் இருந்தாள். அவள்கூட, "ஓம் புருஷனவிடப் பொட்டிக்குத்தான் ஓம்மேல அக்கறை" என்று கேலி பண்ணினாளாம்.

பதினொன்று இருபதுக்கு ராமர் அண்ணன் மேலேயிருந்து கூப்பிட்டார். மூச்சு வாங்கியது. அவர் நின்றது பெட்டிக்கு இருபதடி தள்ளி, ஒற்றையடிப் பாதையின் பாறைமேல்.

"எரியுதும்மா. பச்ச லைட்டு. நல்லாத்தான் மினுக்கி மினுக்கி..."

அப்புறம் லாரியில் ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். நின்றுவிடும் என்று பார்த்தால் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. அவர் என்னிடம் அதற்குப் பிறகு பேசவில்லை. ராக்கு, ஏ ராக்கு, என்று கத்தினார். நான் இங்கே மாடியறையில் நின்றுகொண்டு, அண்ணே, அண்ணே என்று போனுக்குள் கத்தினேன். கீழே கடையில் ஏலக்காய் எடை போட்டுக்கொண்டிருந்தவர்கள் மேலே ஓடிவந்து என்னைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

ராக்குவையும் மூக்கம்மாளையும் மறுநாள் மத்தியானம்தான் எடுக்க முடிந்தது.

விசாரிக்கச் சர்க்கார் குழு ஒன்று வந்தது. பெட்டியின் கம்பம் சிமெண்டோடு ஓடையில் கிடந்தது. சரிவதற்கு முன்னால் எடுத்த போட்டோவில் அம்பு மலையின் மேல்பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. பெட்டி தவறான திசையில் நிறுவப்பட்டிருந்தது என்று எங்கள் கம்பெனி அறிக்கையில் ஒரு வரி போனது. யார் வைத்தது என்று கேட்டார்கள். நான்தான் என்று ராமர் அண்ணன் கையெழுத்துப் போட்டார். என்னிடம் கேட்டுத்தான் வைத்ததாக அவர் ஒரு இடத்திலும் சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. ரயிலில் நான் சொன்னது நினைவுக்கு வந்தது, ஆனாலும் திசைக்கும் சங்கு ஊதாததற்கும் என்ன தொடர்பு என்று எனக்கே அப்போது புரியவில்லை. மைனஸாக வந்தாலும் வரத்தானே வேண்டும்? பேச்சே வரவில்லையே!

ஐந்தாம் நாள்தான் தேடினேன். கீழே இருந்த கருவி மண்ணோடு போய்விட்டது. ஆனால் அது தூக்கிப் போட்ட இரைச்சலையும் எங்கள் அறைக்கு ஒரு நகல் அனுப்பும், யாரும் திறந்து பார்க்காத பட்டியல் அது. திறந்தேன். ஒன்பது நாற்பதிலிருந்து பதினொன்று இருபது வரை, பத்து நிமிஷத்துக்கு ஒன்றாகப் பதினோரு பேச்சு. பதினேழு பைட், பதினேழு, பதினேழு, பதினெட்டு. இடையில் பத்து பைட் நீளத்துக்கு ஓர் எண்.

காகிதத்தை எடுத்துக் கையாலேயே பிரித்துப் போட்டேன். மைனஸ் ஒன்பது புள்ளி ஒன்று வரைக்கும் போயிருந்தது. இரண்டு டிகிரியைத் தாண்டியது பத்து பத்துக்கு. மலை சரிந்தது பதினொன்று இருபதுக்கு. எழுபது நிமிஷம்! நாலு நிமிஷ நடைக்கு எழுபது நிமிஷம் இருந்திருக்கிறது. பெட்டி தன்னால் முடிந்தவரை கத்தியிருக்கிறது, பதினாறுக்கு மேலே இருந்தால் தூக்கிப் போடு என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. மலை அசையாமல் இருக்கும்போது போகிற எண் பூஜ்யம். மடித்தாலும் பூஜ்யம் ஒரு பைட், மடிக்காவிட்டாலும் ஒரு பைட். நான் மிச்சம் பிடித்த அந்த ஒரு பைட் மலை நகரும்போது மட்டும்தான் மிச்சமாகும். இரண்டு உயிர் போகிற நேரத்தில் பேட்டரியைச் சேமிக்க ஏற்பாடு பண்ணியிருக்கிறேன். அடிப்பாவி, அடிப்பாவி என்று என்னையே திட்டிக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டேன். வேறென்ன செய்வது?

சிவக்குமார் அண்ணனிடம் காகிதத்தைக் காட்டினேன். அரை மணி நேரம் விளக்கினேன்.

"அறிக்கையில நம்ம எழுதுனது பொய்யில்லையே வித்யா. திருப்பி வச்சது நெசந்தானே?"

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறீங்களேண்ணே! திருப்பி வச்சா மைனஸா வரணும். வராமப் போனதுக்குக் காரணம் நான். அவரத் திருப்பி வைக்கச் சொன்னதும் நான்."

அவர் கெட்டவரில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்த மலையில நம்ம பொட்டி நாப்பது இருக்கு. மொதல்ல அதுகளச் சரிபண்ணு. விசாரணைக் குழுவுக்குக் கடுதாசி நான் எழுதுறேன்" என்றார். நாற்பதையும் இரண்டு நாளில் சரி பண்ணினேன். மாற்றியது ஒரே வரி. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அவர் எழுதிய கடுதாசிக்கு, கிடைத்தது என்று ஒரு பதில் வந்தது. அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு சத்தமும் இல்லை.

கடுதாசி பிள்ளையைக் கூட்டிவருமா? ராமர் அண்ணன் எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், தனியாகக் கிடக்கிறார், சோறு பொங்குவதில்லை, பக்கத்து வீட்டார் கொடுத்தால் தின்கிறார் என்று ஜீப் டிரைவர் சொன்னான். அவரிடம்தான் முதலில் போயிருக்க வேண்டும். எனக்குத் தெம்பில்லை. உங்கள் பெண்டாட்டி செத்தது என்னால் என்று வெறுங்கையோடு போய் எப்படி நிற்பது? முதலில் தேவாரம் போய் அவர் மச்சானுக்கு உண்மையைச் சொல்லி, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு லயத்து வாசலில் போய் நிற்கலாம் என்று கணக்குப் போட்டேன். கணக்குப் போடுவதுதான் என் பிழைப்பு.

பதினாலாம் நாள் காலை தேவாரம் பஸ்சில் ஏறினேன். ராக்குவின் அண்ணன் உக்கிரபாண்டி ஊருக்கு மேற்கே தோட்டத்திலேயே வீடு கட்டியிருக்கிறார். யானை வந்து மக்காச்சோளத்தை மிதித்துவிட்டுப் போயிருந்தது. அவர் அறுந்த வேலிக்கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார். மொட்டையடித்த தலை. நான் யாரென்று சொன்னதும் கம்பியைக் கீழே போட்டுவிட்டு, "வாங்க தாயி, வெயில்ல நிக்காதீக" என்று நாற்காலி எடுத்துப் போட்டார். அவர் சம்சாரம் கருத்தம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். ஜன்னல் வழியாகப் பவதாரணி தெரிந்தாள். நோட்டை மடியில் வைத்து என்னமோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"ராமர் அண்ணன் மேல தப்பில்லங்க. தப்பு என்னோடது" என்று ஆரம்பித்தேன்.

"மெதுவாச் சொல்லுங்க. எனக்குப் படிப்பு பத்தாது."

பைட், பிட் என்று இழுக்காமல் சொன்னேன். "இப்ப நீங்க ஏலக்கா அனுப்புறீக. ஒரு பைக்குள்ள அடங்குனா ஒரு பை. அடங்கலைன்னா, பின்னாடி இன்னொரு பை வருதுன்னு கழுத்துல செவப்புக் கயிறு கட்டி விடுறீக. வாங்குறவன் செவப்புக் கயிறு இல்லாத பை வந்ததும் லோடு முடிஞ்சதுன்னு தெரிஞ்சுக்குவான். அதுதான் நான் பண்ணுன ஏற்பாடு. நல்ல ஏற்பாடு. ஆனா பொட்டி பின்னால சாஞ்சா, கைப்பிடி காயிக்குப் பத்துப் பை புடிக்கும். பதினாறு பைக்கு மேல வந்தா அது நம்ம லோடு இல்ல, உள்ள விடாதன்னு கேட்டுல நானே ஆள் நிறுத்தி வச்சிருந்தேன்."

"சரி" என்றார். "பொட்டி சொல்லியிருக்கு. கேட்டுல திருப்பி அனுப்பிட்டாக."

ஆளுக்குப் படிப்பு பத்தாதாம்! சிவக்குமார் அண்ணனுக்கு அரை மணி நேரம் பிடித்தது.

"ஆமாங்க. பதினோரு தடவ சொல்லியிருக்கு."

"எப்பருந்து?"

"பத்து பத்துக்கே சங்கு ஊதியிருக்கணும்."

அவர் வேலியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அந்தப் பொட்டிய அம்பு காட்டுன பக்கமே வச்சிருந்தா?"

இதை அவர் கேட்பார் என்று நான் பஸ்சில் வரும்போது நினைக்கவே இல்லை. என் தப்பைச் சொல்லிவிட்டால் அவர் தப்பு அழிந்துவிடும் என்று நினைத்திருந்தேன்.

"வச்சிருந்தா ஊதியிருக்குமா, ஊதியிருக்காதா? அதச் சொல்லு தாயி."

பொய் சொல்லியிருக்கலாம். எத்தனையோ பேர் சொல்கிறார்கள், வானமா இடிந்து விழுகிறது? எனக்கு வரவில்லை. "ஊதியிருக்கும்" என்றேன். "ஆனா அவரு என்கிட்டக் கேட்டாருங்க. எந்தப் பக்கம்னாலும் வைங்கன்னு நான்தான் சொன்னேன்!"

"என் தங்கச்சி செந்தண்ணி வருதுன்னு அவன்கிட்டச் சொன்னா. ஒன்கிட்டச் சொல்லல." குரல் ஏறவில்லை. "மலை சரிஞ்சிருச்சு, அவ நேரம் முடிஞ்சிருச்சு, மனுசன் என்னத்தப் பண்ணுவான்னு பதினாலு நாளா மனசத் தேத்திக்கிட்டு வந்தேன். எழுவது நிமிசம் இருந்துச்சுன்னு சொல்லுற. அவன் ஒழுங்கா வச்சிருந்தா அவ நடந்தே வந்திருப்பான்னு சொல்லுற."

"நான் அப்படிச் சொல்ல வரலங்க..."

"நீ நல்ல புள்ள. நெசத்தச் சொல்லிட்ட. மோரக் குடிச்சிட்டுக் கெளம்பு."

நான் எழுந்திருக்கவில்லை. ராமர் அண்ணன் மேலே ஏறியதே நான் கூப்பிட்டதால்தான், இல்லையென்றால் அவரும் ஸ்டோரில் செத்திருப்பார் என்றேன். வேண்டுமானால் என்னைப் போலீசில் கொடுங்கள் என்றேன். அழுதேன், அவர் காலில் விழப் போனேன், கருத்தம்மா பிடித்துத் தூக்கிவிட்டாள். உக்கிரபாண்டி கம்பியை எடுத்துக்கொண்டு வேலிப்பக்கம் போய்விட்டார். உள்ளே பவதாரணி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கும் எனக்கும் பத்தடிகூட இல்லை. அத்தனையும் அவள் காதில் விழுந்திருக்கும்.

ரோட்டுக்கு வந்து புளியமரத்தடியில் பஸ்சுக்கு நின்றேன். முக்கால் மணி நேரம் வரவில்லை. பஸ் தெரிகிற நேரத்தில் போன் அடித்தது. ராமர் அண்ணன். மலை சரிந்த அன்றைக்கு அப்புறம் அவர் என்னைக் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை.

"வித்யாம்மா, நல்லாருக்கீகளா? ஒரு ஒதவிம்மா. முந்தாநாள் மச்சான் போன் பண்ணி, கருமாதி முடிச்சிட்டு ஞாயித்துக்கெழம வந்து புள்ளையக் கூட்டிட்டுப் போ மாப்ளன்னு சொன்னாரு. எனக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு. வீட்டயெல்லாம் கூட்டி வச்சிருக்கேன். இப்பக் கூப்புட்டு, வராத, வந்தா வெட்டிப்புடுவேன்ங்குறாரு. யாரோ என்னமோ சொல்லிட்டாக போல. எனக்கு ஒண்ணும் வெளங்கலம்மா."

போனைக் காதில் வைத்தபடி நடந்து வந்த தோட்டத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"நீங்க படிச்சவுக. எடுத்துச் சொன்னாக் கேப்பாரு. ஒரு எட்டு தேவாரம் போயி அவருகிட்டப் பேசிப் பாக்குறீகளாம்மா?"

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஏறும்மா, ஏறும்மா என்று கத்தினான்.

"பேசுறேண்ணே" என்றேன். பேசிவிட்டுத்தான் நிற்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.